பழைய லைக்காவுக்கு வைண்டர் வாங்கும் முன் கேமராவைக் கவிழ்த்துப் பாருங்கள்

லைக்கா போன்ற பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (தனி ஜன்னல் வழியே தூரம் பார்த்துக் குவியம் வைக்கும் ஃபிலிம் கேமரா) கைக்கு வந்த முதல் மாதத்திலேயே ஒரு எரிச்சல் தொடங்கிவிடும். ஒரு படம் எடுத்ததும் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்க வேண்டும். மேலே இருக்கும் குமிழை இரண்டு விரல்களால் பிடித்து, அது நிற்கும் வரை திருக வேண்டும். அப்புறம் மறுபடி கண்ணில் வைத்து, மறுபடி சட்டகம் தேட வேண்டும். அதற்குள் எதிரே சிரித்துக்கொண்டிருந்த குழந்தை எழுந்து போயிருக்கும்.

ஜெர்மனியின் வெட்ஸ்லாரில் லைக்காவைச் செய்த எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்துக்கும் இந்தக் குறை தெரிந்தே இருந்தது. அவர்கள் கண்ட வழி எளிமையானது. கேமராவின் அடித்தட்டைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் வேறொரு தட்டை மாட்டுவது. அந்தத் தட்டில் மடங்கி விரியும் நாக்கு ஒன்று இருக்கும். இடது கை விரலால் அதைப் பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்தால் ஃபிலிம் ஒரு கட்டம் நகரும், ஷட்டரும் ஏறிக்கொள்ளும். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்கவே வேண்டாம். இதைத்தான் டிரிக்கர் வைண்டர், ரேப்பிட் வைண்டர், லைக்காவிட் என்று பல பெயர்களில் சொல்கிறார்கள்.

சரி, ஒன்று வாங்கிவிடலாம் என்று ஏலப் பக்கங்களைத் திறந்தால் தலை சுற்றும். பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், விலை மட்டும் பத்து விதமாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் விலையிலிருந்தோ பெயரிலிருந்தோ தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கிப் பணத்தை இழந்தேன். தொடங்க வேண்டிய இடம் உங்கள் கேமராவின் அடிப்பக்கம்.

முதல் படி: உங்களுக்கு இது வேண்டுமா?

வைண்டர் மாட்டினால் எந்திரத் துப்பாக்கி மாதிரி படங்கள் பாயும் என்று நினைக்காதீர்கள். நிதானமாக இழுத்தால் நொடிக்கு ஒரு படம் வரும், கை பழகினால் கொஞ்சம் கூடும். உண்மையான லாபம் கண் நகராமல் இருப்பதுதான். தெருவில், மேடைக்கருகில், வீட்டுக் குழந்தைகளிடம் அது பெரிய விஷயம். மலையையும் கோயில் கோபுரத்தையும் எடுப்பவருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை.

இன்னொரு சாரார் உண்டு, இடது கண்ணால் பார்த்துப் படம் எடுப்பவர்கள். பிற்பாடு வந்த லைக்கா எம் வரிசையில் குமிழுக்குப் பதில் ஃபிலிமை நகர்த்தும் கட்டைவிரல் லீவர் வலது கோடியில் இருக்கிறது. இடது கண்ணை வைத்தால் முகத்தின் வலப்பக்கம் முழுவதும் கேமராவின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். லீவரை இழுக்கும் கட்டைவிரல் வலது கண்ணையோ நெற்றியையோ குத்தும். அவர்களுக்கு அடியில் இருக்கும் டிரிக்கர் ஆடம்பரம் அல்ல, நிவாரணம்.

இரண்டாம் படி: உங்களிடம் இருப்பது எந்த உடல்?

இங்கே அவசரப்படாதீர்கள். திருகு மவுண்ட் லைக்காக்களில், அதாவது லென்ஸைத் திருகி மாட்டும் பழைய வரிசையில், மாடல் பெயர் பொறித்திருக்காது. மேல்தட்டில் லைக்கா, எர்ன்ஸ்ட் லைட்ஸ், வெட்ஸ்லார் என்ற எழுத்துகளும் வரிசை எண்ணும்தான் இருக்கும். விற்பவர் சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது, ஏனென்றால் அவரும் எங்கோ படித்ததைத்தான் சொல்கிறார். வரிசை எண்ணும் சில நேரம் ஏமாற்றும். பழைய உடல்களைத் தொழிற்சாலைக்கு அனுப்பிப் புதிய மாடலாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது.

ஆகவே ஒரு ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள். 1932-இல் வந்த 2, 1933-இல் வந்த 3, 1935-இல் வந்த 3ஏ, 1938-இல் வந்த 3பி ஆகியவற்றின் உடல் நீளம் சுமார் 133 மில்லிமீட்டர். (ரோமன் எண்ணில் எழுதும் மாடல்களைத்தான் இப்படி எழுதுகிறேன்.) 1940-இல் 3சி வந்தபோது உள்கூட்டை ஒரே வார்ப்பாகச் செய்யத் தொடங்கினார்கள். அப்போது உடல் 2.8 மில்லிமீட்டர் நீண்டு சுமார் 136 ஆயிற்று. 1950-இல் வந்த 3எஃப்-உம் அந்த நீளம்தான்.

இந்த 2.8 மில்லிமீட்டரில்தான் நான் விழுந்தேன். என்னிடம் இருந்தது 3ஏ. ஏலத்தில் நல்ல நிலையில் ஒரு லைக்காவிட் கிடைத்தது. பெட்டியைப் பிரித்து அடியில் வைத்தேன். ஒரு கோடி அழகாகக் கொக்கியில் உட்கார்ந்தது. மறு கோடி ஒரு நெல்மணி அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அரை மணி நேரம் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். வைண்டரில் குறை ஒன்றும் இல்லை. அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நீள உடலுக்காகச் செய்தது, என் கேமரா போருக்கு முந்தைய குட்டை உடல்.

ஸ்கேல் கையில் இல்லையென்றால் வேறு அடையாளங்கள் பாருங்கள். பின்பக்கம் ரேஞ்ச்ஃபைண்டர் துளையும் வியூஃபைண்டர் துளையும் விலகி இருந்தால் அது 3ஏ அல்லது அதற்கு முந்தையது. ஒட்டி இருந்தால் 3பி அல்லது பிந்தையது. ஷட்டர் வேகச் சக்கரத்தின் கீழே எண்கள் பொறித்த இன்னொரு வளையம் இருந்தால் அது ஃப்ளாஷுக்கானது, அதாவது 3எஃப். ஒட்டிய துளைகளை மட்டும் பார்த்து 3சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 3பி-யும் அப்படித்தான் இருக்கும், ஆனால் அது குட்டை உடல். கடைசித் தீர்ப்பு ஸ்கேலுக்கே.

எம் வரிசைக்காரர்களுக்கு வேலை சுலபம், கேமராவிலேயே பெயர் பொறித்திருக்கும். ஆனால் செய்தி எல்லாருக்கும் இனிப்பாக இராது. 1954-இல் வந்த எம்3-க்கு டிரிக்கர் வைண்டர் பொருந்தாது. 1967-இல் வந்த எம்4-க்கும், அதன் பின் வந்த எம்5-க்கும் அப்படியே. எம்2, எம்1 ஆகியவற்றில் மாட்டலாம். அப்புறம் 1977-இல் தொடங்கிய எம்4-2, அடுத்து வந்த எம்4-பி, எம்6, எம்7, 2003-இன் எம்பி என வரிசையாக எல்லாவற்றிலும் வைண்டருக்கான இணைப்பு தொழிற்சாலையிலேயே உண்டு. எம்3-ஐ வைண்டருக்கு ஏற்ப மாற்றித் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், வேண்டாம். எம்3-இன் கட்டைவிரல் லீவரே போதிய வேகம். நல்ல கேமராவின் வயிற்றைக் கிழித்துத்தான் ஒரு துணைக்கருவி மாட்ட வேண்டுமா?

மூன்றாம் படி: பெயர்களை அவிழ்ப்போம்

லைட்ஸ் தன் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் ஐந்தெழுத்துக் குறிப்பெயர் வைத்திருந்தது. தந்தியில் ஆர்டர் கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்ற ஏற்பாடு. பொருள் தேடி அகராதியைப் புரட்டாதீர்கள், கிடைக்காது. விற்பனைப் பட்டியல்களில் இன்றும் இந்தப் பெயர்கள்தான் ஓடுகின்றன.

எஸ், சி, என், ஓ, ஓ என்ற ஐந்து எழுத்துகளைப் பார்த்தால் அது போருக்கு முந்தைய குட்டை உடலுக்கான வைண்டர். 2, 3, 3ஏ, 3பி வைத்திருப்பவர்கள் தேட வேண்டியது இதைத்தான். எஸ், ஒய், ஓ, ஓ, எம் என்றால் 1950-களில் லைக்காவிட் என்ற பெயரோடு வந்தது. 3எஃப் போன்ற நீள உடலுக்கானது. எஸ், எம், ஒய், ஓ, எம் என்றால் எம் வரிசைக்கான முதல் லைக்காவிட். இரண்டாவதும் மூன்றாவதும் எழுத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதால் பட்டியல் போடுபவர்களே மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். எழுத்தை நம்பாமல் அடிப்பக்கப் படம் கேட்டு வாங்குங்கள்.

அந்த எம் வரிசை லைக்காவிட் 1956-இல் வந்த எம்பி என்ற கேமராவோடு பிறந்தது. பத்திரிகைப் படக்காரர்களுக்காகச் செய்த கேமரா அது, மொத்தமே சுமார் 400 தான். அதனால் அந்த வைண்டரைப் படம் எடுப்பவர்களைவிடச் சேகரிப்பாளர்கள்தான் அதிகம் துரத்துகிறார்கள், விலையும் அதற்கேற்ப. எம்2 வைத்திருப்பவருக்கு இது பொருந்தும் என்றாலும், அந்தப் பணத்தில் டிரிக்கர் வேலை செய்யும் வேறொரு கேமராவே கிடைக்குமா என்று ஒருமுறை கணக்குப் போடுங்கள்.

எம்4-2 முதலான உடல்களுக்கு இரண்டு நல்ல வழிகள். ஒன்று, 2003-இல் எம்பி திரும்பி வந்தபோது நிறுவனமே மறுபடி கொண்டுவந்த லைக்காவிட் எம். இன்னொன்று, கனடாவின் வான்கூவரில் வாழ்ந்த டாம் ஆப்ரஹாம்சன் என்ற ஒளிப்படக்காரர் செய்த ரேப்பிட்வைண்டர். நிறுவனம் டிரிக்கரை மறந்திருந்த காலத்தில் தனி ஆளாகச் செய்து உலகெங்கும் அனுப்பியவர். அவர் இப்போது இல்லை, பழையது கைமாறும்போதுதான் பிடிக்க வேண்டும். இரண்டில் எது கிடைத்தாலும் யோசிக்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து.

மூலி என்றும் ஒரு பெயர் பட்டியல்களில் வரும். எம், ஓ, ஓ, எல், ஒய். நமக்கு நாட்டு மருந்துக்கடை நினைவுக்கு வந்தாலும், இது 1938-இல் வந்த சுருள்வில் மோட்டார். கடிகாரம் மாதிரி சாவி கொடுத்தால் 12 படங்கள் வரை தானே இழுத்துக்கொள்ளும். அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். எண்பது வயதைத் தாண்டிய வில்லை நம்பிக் கேமராவை ஒப்படைக்கப் புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

நான்காம் படி: கையா, மின்சாரமா?

இது எம்4-2 அல்லது அதற்குப் பிந்தைய உடல் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான கேள்வி. அந்தக் காலத்து மின் வைண்டர்கள் நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும். பின்னால் வந்த மோட்டார் எம் சிஆர்123ஏ லித்தியம் பேட்டரி இரண்டைக் கேட்கும். நொடிக்கு மூன்று படம் வரை இழுக்கும். நொடிக்கு மூன்று என்றால் 36 படச் சுருள் 12 நொடியில் காலி. இன்று ஃபிலிம் விற்கும் விலையில் நெஞ்சு பதறும்.

விலையில் மின் வைண்டர்கள் பெரும்பாலும் மலிவு. வேண்டுபவர் குறைவு என்பதே காரணம். ரேஞ்ச்ஃபைண்டரை விரும்புவதே அதன் அமைதிக்காகத்தான், அதன் அடியில் கரகரவென்று ஒரு மோட்டாரைக் கட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பேட்டரி அறையைத் திறந்து முனைகளைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: கையில் எடுத்துச் சோதிப்பது

வைண்டரைத் தனியாகக் கையில் பிடித்து நாக்கை விரித்து மெதுவாக இழுங்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே இழுவையாக வர வேண்டும். நடுவில் தட்டினாலோ, மணல் அரைவது போல விரலுக்குத் தெரிந்தாலோ, உள்ளே பல் தேய்ந்திருக்கிறது அல்லது கிரீஸ் காய்ந்திருக்கிறது. காய்ந்த கிரீஸைச் சரிசெய்யலாம், தேய்ந்த பல்லுக்கு மாற்று கிடைப்பது அரிது. பிறகு விரலை விட்டுப் பாருங்கள். நாக்கு சுறுசுறுப்பாகத் திரும்பி ஓட வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் உள்ளே இருக்கும் வில் களைத்துவிட்டது.

மடக்கும் இடத்தையும் ஆட்டிப் பாருங்கள். பல ஆண்டுகள் உழைத்த வைண்டரில் அந்தக் கீல் தளர்ந்து நாக்கு தொங்கும். படம் கெடாது, ஆனால் தோள்பையில் போகும்போதெல்லாம் எதிலாவது மாட்டும்.

முடிந்தால் உங்கள் கேமராவையே எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். தபாலில் வாங்குவதாக இருந்தால், பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது பூட்டு முழுதாகத் திரும்ப வேண்டும். எதையும் அழுத்தி உட்காரவைக்க வேண்டிய நிலை வரக்கூடாது. வைண்டரின் பிடிப்பும் கேமராவின் தண்டும் ஒன்றையொன்று கவ்வவில்லை என்றால் நாக்கை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்திவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

கேமரா உடலையும் மறக்காதீர்கள். பல ஆண்டுகளாகச் சர்வீஸ் பார்க்காத ஷட்டரை வைண்டரால் வேகமாக இழுத்தால், குமிழ் காட்டாத கோளாறுகள் வெளியே வரும். கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

ஆறாம் படி: ஃபிலிம் போட்டுப் பழகுவது

திருகு மவுண்ட் லைக்காவுக்கு அடியிலிருந்துதான் ஃபிலிம் ஏற்ற வேண்டும், பின்கதவு கிடையாது. இப்போது வரும் சுருள்களின் நுனியில் இருக்கும் ஃபிலிம் நாக்கு அதற்குப் போதாது. கத்தரிக்கோலால் அந்த ஃபிலிம் நாக்கைச் சுமார் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒல்லியாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டு துளைகளின் நடுவே பாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டாமல் திணித்தால் ஃபிலிமின் அகலமான பகுதி உள்ளே மாட்டிக் கிழிந்து, துணுக்குகள் ஷட்டருக்குள் போய்விடும். வைண்டர் இல்லாதபோது இந்தத் தடங்கல் குமிழைத் திருகும் விரலுக்கு உடனே தெரியும். வைண்டரின் நாக்கை இழுக்கும்போது அந்த உணர்வு மங்கிவிடுகிறது. அதனால் வெட்டுவதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

மாட்டிய பிறகு ஒரே ஒரு சோதனை, இதை எந்நாளும் விடாதீர்கள். ரீவைண்ட் குமிழை (ஃபிலிமைத் திரும்பச் சுருட்டும் குமிழ்) மெதுவாகத் திருப்பி ஃபிலிமின் தொய்வை எடுத்துவிட்டு, வைண்டரை ஒருமுறை இழுங்கள். ரீவைண்ட் குமிழ் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபிலிம் நகரவில்லை, ஷட்டர் மட்டும் ஏறி இறங்குகிறது என்று பொருள். நண்பர் ஒருவர் ஒரு கல்யாணம் முழுவதும் இப்படி இழுத்து இழுத்து எடுத்தார். நாற்பதாவது இழுப்பிலும் வைண்டர் நிற்காததைக் கண்டு, என்ன அருமையான சுருள், முடியவே மாட்டேன் என்கிறதே என்று சந்தோஷப்பட்டார். டெவலப் செய்து வந்தபோது ஃபிலிம் முழுக்கக் கண்ணாடி மாதிரி இருந்தது.

இழுக்கும்போது சுண்டாதீர்கள். ஒரே சீராக, கடைசி வரை இழுத்து, நாக்கைத் திரும்பவிட்டு, அதன்பின் படம் எடுங்கள். பாதி இழுத்து விட்டுவிடும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே முறித்துவிட வேண்டும். குளிரும் வறட்சியும் உள்ள இடங்களில் வேகமாகச் சுண்டினால் நிலைமின்சாரம் உண்டாகி ஃபிலிமில் மின்னல் கீற்று மாதிரி கோடுகள் விழும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அந்தக் கவலை குறைவு.

திருகு மவுண்ட் உடல்களில் இன்னொரு சங்கதி. ஷட்டர் வேகச் சக்கரம் ஃபிலிம் ஏறும்போதும் சுழலும், படம் எடுக்கும்போதும் சுழலும். குமிழைத் திருகிய காலத்தில் கை அங்கிருந்து விலகிப் போய்விடும். இப்போது வலது கைக்கு வேலை இல்லாததால் ஆள்காட்டி விரல் சோம்பலாக அந்தச் சக்கரத்தின் மேல் சாய்ந்துகொள்ளும். சுழலும் சக்கரத்தை விரல் தடுத்தால் வெளிச்ச அளவு தவறிவிடும். வேகத்தை மாற்றுவதாக இருந்தால் வைண்டரை இழுத்த பிறகே மாற்றுங்கள். இழுக்கும் முன் சக்கரத்தில் காட்டும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

இன்னும் கேமராவே வாங்காதவர்களுக்கு

வைண்டர் தேடி அலைவதைவிட டிரிக்கர் உள்ளே கட்டிய கேமராவையே வாங்கிவிடலாம். கேனான் 1956-இல் கொண்டுவந்த விடி மாடலில் அடித்தட்டிலேயே மடங்கும் டிரிக்கர் இருக்கிறது. லைக்காவின் 39 மில்லிமீட்டர் திருகு லென்ஸ்கள் அப்படியே பொருந்தும். பின்கதவு திறப்பதால் கத்தரிக்கோல் வேலையும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் வந்த ஃபோக்ட்லாண்டர் பெஸ்ஸா டி, ஆர்2 உடல்களுக்கும் தனியாக டிரிக்கர் வைண்டர் உண்டு. சோவியத் நாட்டின் லெனின்கிராட் கேமராவில் சுருள்வில் மோட்டாரே உள்ளே இருக்கிறது. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைசிப் படத்தில்

சுருள் முடியும் இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் கெடுக்கிறார்கள். 36-ஐ நெருங்கும்போது எண்ணிக்கையைப் பாருங்கள். நாக்கு பாதி வழியில் இறுகி நின்றால் சுருள் தீர்ந்துவிட்டது என்று பொருள். இன்னும் ஒரு படம் வருமா என்று பலம் காட்டினால் ஃபிலிம் டப்பாவிலிருந்து பிய்ந்து வரும், அப்புறம் இருட்டறையில்தான் கேமராவைத் திறக்க வேண்டும். விரலைப் பட்டென்று எடுக்காமல், பிடித்தபடியே நாக்கை மெதுவாகத் திரும்பவிடுங்கள். நாக்கை மடக்கிவிட்டு, ஷட்டர் பொத்தானுக்கு அருகில் இருக்கும் சிறு நெம்பை ரீவைண்ட் பக்கம் தள்ளுங்கள் (எம் வரிசையில் அது முன்பக்கம் இருக்கும்). ரீவைண்ட் குமிழை உயர்த்திச் சுற்றுங்கள். கையில் இறுக்கம் சட்டென்று விடுபட்டதும் ஃபிலிம் டப்பாவுக்குள் போய்விட்டது. வைண்டரின் பூட்டைத் திருப்பிக் கழற்றுவது அதற்குப் பிறகுதான்.